விழித்தது ஏன்?

பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், நாவலூரைக் கடந்ததும் வலக்கைப் புறத்தே சிறுசேரியைக் காண்பர். ஏரியும் பனையும் வயலுமாய் இருந்த அச்சிற்றூரில் இந்நாளில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்துள்ளது. அதன் மாளிகைகள் இரவு முழுதும் விளக்கணையாது நிற்கின்றன. கடல் கடந்த நாடுகளின் பகற்பொழுதுக்கு இசையத் தம் இரவைப் பகலாக்கி உழைப்போர் அங்கே பலர் உளர். ஆகவே எம் ஊரை உறங்காத ஊர் என்று கூறுவாரும் உண்டு. யாம் அவ்வூரிற் பிறந்து வளர்ந்தோம். உறங்காமையின் பெருமையைப் பேசுவார் பலராதலின், யாம் ஈண்டு உறக்கத்தைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம். அது மாந்தர் உறக்கமன்று. மாந்தர் செய்து வைத்த சிறு கருவிகளின் உறக்கம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இருப்பார்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயினும், எம் பாட்டனார் ஒருநாட் காலையிற் கேட்ட கேள்வி ஒன்று எம்மை இத்துறையில் இழுத்துவிட்டது. அக்கேள்வி பின்னர் வரும். அதனை விளங்கிக்கொள்ளுதற்கு வேண்டிய செய்திகளை முதற்கண் சுருங்கக் கூறுவோம்.

நுண்கட்டுப்படுத்தி என்று பாடநூலாரும் மைக்ரோகண்ட்ரோலர் என்று கடைத்தெருவாரும் வழங்குவது ஒரு சிறு சில்லு. கணக்கிடும் உறுப்பும், நினைவகமும், வெளியுலகோடு தொடர்புகொள்ளுங் கால்களும் அவ்வொரு சில்லினுள்ளேயே அமைந்துள்ளன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தார் 1974-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த டிஎம்எஸ்1000 என்பது அவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. இன்றோ, தொலைக்காட்சியின் ரிமோட்டிலும், மின்சார மீட்டரிலும், இரத்தச் சர்க்கரை பார்க்குங் கருவியிலும், வயலின் ஈரம் அளக்குங் கோலிலும் அவ்வினமே குடிகொண்டிருக்கின்றது. இவற்றுட் பல, மின்கம்பியின் துணையின்றி ஒரு சிறு மின்கலத்தை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியவை. அங்ஙனம் வாழ்வதற்கு அவை கைக்கொள்ளும் வழியே உறக்கம்.

கணக்கொன்று காட்டுவோம். கைக்கடிகாரக் கடைகளிற் கிடைக்கும் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பொத்தான் மின்கலத்தில் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் அடங்கியிருக்கும். ஒரு கருவி நொடிதோறும் விழித்திருந்து 0.2 மில்லி ஆம்பியர் வீதம் உண்ணுமாயின் அக்கலம் 1,100 மணியில், அஃதாவது ஏறத்தாழ 46 நாளில் வற்றும். 10 மைக்ரோ ஆம்பியர் வீதம் உண்ணுமாயின் 22,000 மணி, அஃதாவது இரண்டரை ஆண்டு நீடிக்கும். இனி, பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரே ஒரு நொடி விழித்து, அந்நொடியில் 20 மில்லி ஆம்பியர் உண்டு, எஞ்சிய 899 நொடியும் 10 மைக்ரோ ஆம்பியரோடு உறங்கும் கருவி ஒன்றைக் கருதுக. அவ்வொரு நொடி விழிப்பின் செலவு, 899 நொடி உறக்கத்தின் செலவைப்போல் இருமடங்கிற்கும் மிகுவதைக் காணலாம். எனவே இக்கருவிகட்கு உறக்கம் சோம்பலன்று; அதுவே அவற்றின் சிக்கனம்.

உறக்கத்திலும் படிகள் உள. கம்பநாடர் காப்பியத்தில் வனவாசமெங்கும் கண்ணிமையாது காவல் நின்ற இலக்குவன் ஒருபுறம்; பேரோசையும் பெருமுயற்சியுங் கொண்டே எழுப்பவேண்டியிருந்த கும்பகருணன் மறுபுறம். நுண்கட்டுப்படுத்திகளின் நிலைகளும் இவ்விருவர்க்கும் இடைப்பட்டனவே. அட்மெல் நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டு, 2016 முதல் மைக்ரோசிப் நிறுவனத்தாரின் உடைமையான ஏடிமெகா328பி என்னுஞ் சில்லு மாணவர் பலர் கையாளும் ஆர்டுவினோ ஊனோ பலகையில் உள்ளது. அதற்கு மட்டும் ஆறு வகை உறக்கம் உண்டு. இலேசான உறக்கத்திற் கணக்கிடும் உறுப்பு ஒன்றே ஓய்கின்றது. கடிகாரமும் ஏனைய உறுப்புகளும் இயங்குகின்றன. அழைத்தவுடன் அது எழும். ஆழ்ந்த உறக்கத்திலோ முதன்மைக் கடிகாரமே நிறுத்தப்படுகின்றது. அந்நிலையில் அச்சில்லு உண்பது ஏறத்தாழ 0.1 மைக்ரோ ஆம்பியர். மெல்ல இயங்கும் விழிப்பு நிலையின் உணவில் ஈராயிரத்தில் ஒரு கூறு. ஆனால் அதனை எழுப்புங்கால், நின்றுபோன படிக அலையியற்றி மீண்டும் நடுக்கமின்றித் துடிக்குமட்டும் காத்திருக்க வேண்டும். 16,384 துடிப்பளவு காத்திருக்கும்படி அமைத்தால், 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடியாகும். உறக்கம் ஆழ ஆழ உணவு குறையும், எழுதல் அரிதாகும். இரண்டினையும் ஒருங்கே பெறுதற்கு வழியில்லை.

எத்துணை ஆழ்ந்து உறங்கினும் ஓர் உறுப்பு விழித்திருத்தல் இன்றியமையாதது. அன்றேல் அவ்வுறக்கத்தினின்றும் எழுதல் யாங்ஙனம்? சிலவற்றில் ஒரு சிறு கடிகாரம் விழித்திருந்து குறித்த நேரத்தில் எழுப்பும். சிலவற்றில் வெளியே உள்ள பொத்தானோ உணர்கருவியோ ஒரு காலில் மின்னழுத்தத்தை மாற்றி எழுப்பும். இதனைக் குறுக்கீடு என்பர். எழுதலும் இருவகைப்படும். ஒன்று, வாசித்துக்கொண்டிருந்த நூலில் விரலை வைத்து உறங்கியவன் எழுந்து அவ்வரியினின்றே தொடர்தல் போல்வது. நினைவகம் அழியாதிருந்தமையின் நிரல் நின்ற இடத்தினின்றே நடக்கும். மற்றொன்று, எழுந்தவுடன் தான் யார் என்பதையே மறந்து முதலேட்டினின்று தொடங்குதல் போல்வது. எஸ்பிரெசிஃப் நிறுவனத்தாரின் இஎஸ்பி32 ஆழ்துயிலினின்று எழுவது இவ்விரண்டாம் வகையே. அதன் பொது நினைவகம் அழிந்து, நிரல் முதலினின்று தொடங்கும். கடிகாரத்தின் பக்கலில் உள்ள சிறியதோர் நினைவிடம் மட்டும் அழியாது நிற்கும். முன்னர்க் கூறிய டெக்சஸ் நிறுவனத்தாரின் எம்எஸ்பி430 வகையிலும், மிக ஆழ்ந்த துயிலினின்று எழுதல் மீளத்தொடக்கமாகவே நிகழ்கின்றது. ஆண்டு அதன் கால்கள் உறங்கும்போது எந்நிலையில் இருந்தனவோ அந்நிலையிலேயே பூட்டுண்டு கிடக்கும். நிரல் அப்பூட்டைத் திறந்தால் அன்றி அவை அசையா.

மீளத்தொடக்கம் என யாம் குறித்ததனை யாவரும் ரீசெட் என்பர். நிரலை முதலடிக்குத் தள்ளும் இந்நிகழ்ச்சி உறக்கத்தினால் மட்டும் வருவதன்று. ஏடிமெகா328பி-யில் அதற்குக் காரணம் நான்கு. புதிதாக மின்சாரம் பாய்தல் ஒன்று. வெளியிலிருந்து ஒருவர் ரீசெட் பொத்தானை அழுத்துதல் இரண்டு. மின்னழுத்தம் குறித்த அளவிற்குக் கீழே தாழ்தல் மூன்று. காவல்நாய் கடித்தல் நான்கு. காவல்நாய் என்றது வாட்ச்டாக் எனப்படும் தனிக் கடிகாரத்தை. நிரல் ஒழுங்காக ஓடுங்கால் குறித்த இடைவெளிதோறும் அதற்கு அறிகுறி காட்டுதல் வேண்டும். காட்டாவிடின் நிரல் எங்கேயோ சிக்குண்டது என்று கருதி அது சில்லினை முதலினின்று தொடங்கச் செய்யும். இந்நான்கு காரணங்கட்கும் நான்கு குறிகள் ஒரு பதிவகத்தில் வைக்கப்பட்டுள்ளன. எழுந்த நிரல் அப்பதிவகத்தைப் படித்தால், தான் எழுந்தது எதனால் என்பதை அறியலாம். படித்தபின் குறிகளை அழித்தல் வேண்டும். அன்றேல் பழங்காரணமும் புதுக்காரணமும் கலந்து மயக்கும். இத்துணை எளிதாயினும், மாணவர் எழுதும் நிரல்களுட் பல அப்பதிவகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிற்க.

எம் பாட்டனாரின் வீடு தாழ்ந்த நிலத்தில், ஒரு வாய்க்காலுக்கு அருகே உள்ளது. மழைக்காலத்து இரவுகளில் வாய்க்கால் நீர் ஏறுவதை அறிதற்காக முதியவர் எழுந்து எழுந்து விளக்கோடு சென்று பார்ப்பார். எம் தெருவினரும் பௌதிக வகுப்பினருமான நண்பர் ஒருவர் இதனைக் கண்டு இரங்கி, நீர்மட்டம் அளக்கும் சிறு கருவி ஒன்றைத் தம் கையாற் செய்து வாய்க்காற் கரையில் ஒரு கம்பத்தில் நிறுத்தினார். சிறியதோர் சூரியத்தகடும், மின்கலமும், வைஃபை கூடிய சில்லும் அதன் உறுப்புகள். பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை விழித்து, நீர்மட்டத்தை அளந்து, எண்ணை எம் கைப்பேசிக்கு அனுப்பி, மீண்டும் துயிலும். கார்காலத் தொடக்கத்தில் அது செவ்வனே பணி செய்தது. பாட்டனாரும் இரவெழுவதை விட்டார்.

சென்ற ஐப்பசியில் நாலைந்து நாள் கதிரவனையே காணாது மழை பெய்தது. ஒருநாள் மாலை கைப்பேசியில் 42 சென்டிமீட்டர் என்ற எண் நின்றது. இரவு பத்து மணிக்கும் அதே எண். நள்ளிரவிலும் அதே எண். நீர் ஏறவில்லை என்று நம்பி யாவரும் உறங்கினோம். மூன்று மணியளவில் பாட்டியாரின் கட்டிலின் கீழ் நீர் அலைத்தது. அவரைத் தூக்கித் திண்ணைமேல் இருத்திவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினோம். கட்டியிருந்த இரண்டு ஆட்டுக்குட்டிகள் அதற்குள் இறந்துபோயின. விடிந்ததும் நண்பர் வந்து கம்பத்தின் அருகே நின்றார். பாட்டனார் அவரைச் சினந்திலர். கருவியைச் சுட்டி, "ஏம்ப்பா, இது தூங்குதா, செத்துப்போச்சா?" என்று மட்டுங் கேட்டார். நண்பர் சிறிதுநேரம் அதனைப் பார்த்திருந்து, "தெரியலைங்க தாத்தா" என்றார்.

யாம் மேலே குறித்த கேள்வி இதுவே. துயிலுங் கருவியும் மௌனமாய் இருக்கின்றது. மாண்ட கருவியும் மௌனமாய் இருக்கின்றது. வெளியே நிற்பார்க்கு வேற்றுமை தோன்றாது.

நண்பர் பின்னர் அதனை ஆராய்ந்தார். கருவி மாளவுமில்லை, துயிலவுமில்லை. வெயிலின்மையால் மின்கலம் தளர்ந்திருந்தது. ஆழ்துயிலில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவே உண்ணும் இத்தகைய சில்லுகள் வைஃபை வழியே செய்தி அனுப்புங்கால் 240 மில்லி ஆம்பியர் வரையும் இழுக்கும். அஃது இருபத்துநாலாயிரம் மடங்கு. தளர்ந்த கலம் அத்துணை மின்சாரத்தைத் தரமாட்டாமல் மின்னழுத்தம் சட்டெனத் தாழ்ந்தது. தாழ்ந்தவுடன் சில்லு தன் காவல் முறைப்படி ரீசெட் ஆயிற்று. ரீசெட் ஆனவுடன் பாரம் நீங்கியமையால் மின்னழுத்தம் ஏறிற்று; நிரல் முதலினின்று தொடங்கிற்று. அந்நிரலின் முதல் வேலையோ வைஃபையை எழுப்புவது! எழுப்பியவுடன் மீண்டும் தாழ்வு, மீண்டும் ரீசெட். இங்ஙனம் இரவெல்லாம் விழுந்தெழுந்து, விழுந்தெழுந்து, இருந்த சிறு மின்சாரத்தையும் அது வீணே கரைத்தது. எத்தனை முறை விழுந்தது என்பதனை அறிதற்கும் வழியில்லை; அதனை எண்ணுமாறு நிரலில் யாரும் எழுதவில்லை.

குற்றம் சில்லினுடையதன்று. மின்னழுத்தம் தாழ்ந்தபோது தவறான கணக்குப் போடுவதினும் நின்றுவிடுதல் நன்று என்றே அக்காவல் அமைக்கப்பட்டுள்ளது. "நான் விழுந்தது மின்னழுத்தத் தாழ்வினால்" என்ற குறியையும் சில்லு ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தது. அதனைப் படிப்பாரில்லை. படித்திருப்பின், வைஃபையைத் தொடாமல் ஒரு மணி நேரம் உறங்கி, கலம் சிறிது தேறியபின் முயன்றிருக்கலாம். விழுந்தவன் விழுந்ததன் காரணத்தை அறியாமல் எழுந்தவுடன் முன்போலவே ஓடத் தலைப்படுதல் முயற்சியாகாது.

இதனால் யாம் கொண்ட கருத்தினை வெளிப்படையாகவே கூறுவோம். மக்கள் நம்பி உறங்குதற்காக வைக்கப்படும் கருவி எதுவாயினும், அதன் நிரலின் முதலடி "விழித்தது ஏன்?" என்னும் வினாவாக இருத்தல் வேண்டும். குறித்த நேரம் வந்ததனால் விழித்தேனா, பொத்தான் அழைத்ததனால் விழித்தேனா, வலியிழந்து விழுந்தெழுந்தேனா, காவல்நாய் கடித்து எழுந்தேனா என்று அது தன்னையே வினவி, விடைக்குத் தக்கவாறு நடத்தல் வேண்டும். அவ்விடையைத் தன் செய்தியோடு சேர்த்துப் பிறர்க்கும் அறிவித்தல் வேண்டும். செய்தி பெறும் பக்கத்தாரும், வரவேண்டிய நேரத்திற் செய்தி வாராவிடின் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிராமல் "செய்தி இல்லை" என்று காட்டுதல் வேண்டும். எம் வீட்டாரை ஏமாற்றியது வாய்க்காலன்று. 42 என்று நின்ற அவ்வெண்ணே.

இதற்கு மறுப்புரைப்பார் இருவகையினர். ஒருசாரார், "காரணத்தை எண்ணி வைப்பதும் அனுப்புவதும் மின்சாரச் செலவன்றோ? சிக்கனத்திற்காகவே உறங்குங் கருவியில் இஃதெற்கு?" என்பர். காரணக் குறிகள் நான்கும் ஒரு பைட்டில் அடங்கும். விழுந்த எண்ணிக்கை மற்றொரு பைட்டில் அடங்கும். நீர்மட்டத்தை அனுப்புதற்கு வைஃபையை எழுப்பும் செலவே பெரிது. எழுப்பியபின் இரண்டு பைட்டு கூட்டி அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. மற்றொரு சாரார், "காவல்நாய் இருக்கையில் கவலை ஏன்? சிக்கினால் அது எழுப்பிவிடும், எழுந்தபின் எல்லாம் சரியாகும்" என்பர். இக்கூற்றே யாம் மிகவும் அஞ்சுவது. காவல்நாய் நோயை நீக்குவதன்று. நோயாளியை மீண்டும் நிற்கவைப்பது மட்டுமே. ஏடிமெகா328பி-யில் காவல்நாய் கடித்து எழுந்தபின்னும் அது விழித்தேயிருக்கும். நிரல் அதனை உடனே கவனியாவிடின் நொடியின் சிறு கூற்றிலேயே மீண்டும் கடிக்கும். இங்ஙனம் முடிவின்றிச் சுழலவும் கூடும் என்று அச்சில்லின் கையேடே எச்சரிக்கின்றது. அன்றியும், நிரலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்னும் முன்னிரல் சில பலகைகளில் அக்காரணக் குறிகளை முந்தி அழித்துவிடுவதும் உண்டு. ஆகவே படிக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் போதாது. படிக்கும் முன் யார் அழிக்கின்றார் என்பதனையும் பார்த்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்குப் பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்கரின் பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாளில் தானே மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகத் தொடங்கிற்று. காவல்நாய் தன் கடமையைச் செய்தமையாற் கலம் பிழைத்தது. ஆயினும் அதன் பொறியியலார் "எழுந்துவிட்டதே" என்று அமைந்தாரில்லை. கலத்தை ஒத்த பொறியைப் பூமியில் இயக்கி, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவுசெய்து, அதே வீழ்ச்சியைத் தம் கண்முன் நிகழச் செய்தனர். அவசரமில்லாத பணி ஒன்று ஒரு பூட்டினைப் பற்றிக்கொண்டிருக்க, அவசரமான பணி அதற்காகக் காத்துக்கிடந்ததே காரணம் என்று கண்டனர். திருத்தத்தை வானொலி வழியே அனுப்பி நோயைத் தீர்த்தனர். எழுந்ததோடு நில்லாமல் விழுந்ததன் காரணத்தைத் தேடினமையே அவர்தம் வெற்றி.

நம் நாட்டிலும் உறக்கத்தையும் விழிப்பையும் உலகமே நோக்கியிருந்த நாளுண்டு. 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தினர். பதினான்கு நாள் நீளும் நிலவின் இரவு நெருங்கவே, செப்டம்பர் 2-இல் பிரக்யான் ஊர்தியும் 4-இல் விக்ரம் இறங்குகலமும் துயிலில் ஆழ்த்தப்பட்டன. ஆழ்த்திய முறையை நோக்குக: ஊர்தியின் மின்கலம் நிறைவாக ஏற்றப்பட்டது, அதன் சூரியத்தகடு செப்டம்பர் 22-இல் எதிர்பார்த்த அடுத்த விடியலின் ஒளியை ஏற்குமாறு திருப்பப்பட்டது, ஆய்வுக் கருவிகள் அணைக்கப்பட்டன, செய்தி வாங்கும் உறுப்பு மட்டும் அணைக்கப்படவில்லை. உறங்குவோன் செவியைத் திறந்துவைத்து உறங்கினான் என்னலாம். விடிந்தபின் அழைத்தும் விடை வரவில்லை. அதனை இஸ்ரோ நிறுவனத்தார் மறைத்தாரல்லர். அழைத்தோம், குறிப்பு வரவில்லை என்று அந்நாளே உலகறியக் கூறினர். குறித்த பணி இரவுக்கு முன்னரே முடிந்திருந்தமையின் அது தோல்வியுமாகாது. 2024 ஜனவரி 20-இல் இறங்கிய ஜப்பானியரின் ஸ்லிம் கலமோ, நிலவின் இரவைத் தாங்குமாறு செய்யப்படாததாயினும், பிப்ரவரி 25-இல் விழித்து விடையளித்தது. கடுங்குளிரில் உறங்கியது எழுமா எழாதா என்பது யார்க்கும் உறுதியன்று. எந்நிலையில் உறங்கவைத்தோம், எழுந்ததா இல்லையா என்று ஒளியாமற் கூறுதல் மட்டும் நம் கையில் உள்ளது.

நிலவினின்று எம் கரைக்கு வருவோம். சிறுசேரிக்குக் கிழக்கே சிறிது தொலைவிற் கோவளமும், தெற்கே மாமல்லபுரமும் உள. 2004 டிசம்பர் 26-இல் அக்கரைகளிற் கடல் புகுந்தபோது யாம் பிறக்கவில்லை. ஆயினும் அந்நாளைச் சொல்லாத முதியவர் எம் பக்கத்தில் இலர். அன்று இக்கடலுக்கு எச்சரிக்கைக் காவல் இல்லை. பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனத்திற் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதற்கெனக் கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் பொறிகளையும் மேலே மிதக்கும் மிதவைகளையும் நிறுவிப் பேணுவோருள், எம் சாலைக்கு அண்மையிலேயே பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் உளர். இத்தகைய பொறி பணி செய்யும் முறைக்கு அமெரிக்கரின் டார்ட் என்னும் அமைப்பினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது 15 நொடிக்கு ஒருமுறை அழுத்தத்தை அளக்கும். அமைதிக் காலத்தில் இடைவிட்டே செய்தி அனுப்பி மின்சாரத்தைச் சேமிக்கும். எதிர்பார்த்த நீர்மட்டத்தினின்றும் மூன்று சென்டிமீட்டர் அளவு வேறுபாடு கண்டால் தானே அவசர நிலைக்கு மாறி அடுத்தடுத்து அறிவிக்கும். ஆழ்கடலிற் கிடக்கும் அதனிடம், "தூங்குகின்றாயா, மாண்டாயா?" என்று கேட்பதற்கு யாரும் அருகில் இல்லை. ஆகையால் அமைதிக் காலத்து அனுப்பும் அந்தச் சிறு செய்தியும் வீணன்று; "உளேன்" என்பதே அதன் பொருள்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் பௌதிக, கணினி வகுப்பினர் இத்தகைய கருவிகளைச் செய்து பரிசு பெறுகின்றனர். காட்சி நாளில் அவை விழித்திருந்து பணி செய்வதைக் கண்டு மகிழ்கின்றோம். அவை விழும் நாளில் யாது செய்யும் என்று நடுவர் கேட்டதை யாம் இதுவரை கண்டிலோம். இனிவரும் ஆண்டுகளில் அக்கேள்வியும் கேட்கப்படுக. மின்கலத்தைத் தளரவிட்டும், ரீசெட் பொத்தானை அழுத்தியும், நிரலை வேண்டுமென்றே சிக்கவைத்தும், ஒவ்வொரு முறையும் கருவி தான் எழுந்த காரணத்தைச் சொல்லுகின்றதா என்று பார்த்து மதிப்பெண் வழங்குக. இஃது ஆசிரியப் பெருமக்கட்கு எம் பணிவான விண்ணப்பம்.

தமிழ் வகுப்பினர்க்கும் இதிற் பங்குண்டு. எம் நண்பரின் கருவி காரணத்தைச் சொல்லத் தொடங்கியபோது முதலில் அனுப்பியது ஓர் எண்ணும் இரண்டு ஆங்கில எழுத்துகளுமே. பாட்டனார்க்கு அது மௌனத்தினின்றும் வேறாகத் தோன்றவில்லை. ஆகவே நண்பர் எம்மை அழைத்து, நான்கு காரணங்கட்கும் நான்கு தமிழ்த் தொடர் எழுதித் தருமாறு கேட்டார். "நேரம் வந்தது, எழுந்தேன், நீர் இவ்வளவு" என்பது ஒன்று. "மின்கலம் தளர்ந்து விழுந்தேன், ஒரு மணி உறங்கி எழுவேன், அதுவரை என்னை நம்பவேண்டா" என்பது மற்றொன்று. ஆனர்ஸ் வகுப்பில் யாம் எழுதிய எக்கட்டுரைக்கும் இத்துணைக் கவலையோடு சொற்றேர்ந்ததில்லை. ஒரு சொல் மயங்கினும் ஒரு முதியவர் இரவில் எழாதிருந்துவிடக்கூடும்.

கார்த்திகையில் மீண்டும் மழை பிடித்தது. ஓர் இரவு பதினொரு மணிக்கு அவ்விரண்டாந் தொடர் கைப்பேசியில் வந்தது. பாட்டனார் கண்ணாடியை அணிந்து அதனை இருமுறை படித்தார். பின்னர் விளக்கை எடுத்துக்கொண்டு தாமே வாய்க்காற் கரைக்குச் சென்றார். யாமும் உடன் சென்றோம். நீர் கரைக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. குட்டிகளை அவிழ்த்துத் திண்ணைக்கு ஏற்றிவிட்டே உறங்கினோம்.